பேர் வைக்க 13 பொங்கல்

கே: ஒருத்தர் உயிரை விட்டால்தான் அரசாங்கம் காது கொடுக்குமா சார்?
(நைட்டி தைக்கும் வாசகி, தளவாய்புரம்)

ப: விட்டாலும் கொடுக்காதும்மா. நம்ம மாவட்டமே சாட்சி. சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கச் சொல்லி, 1956 ஜூலை 27-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார் சங்கரலிங்கனார். அறுபதைத் தாண்டிய காந்தியவாதி. முதலமைச்சர் காமராசருக்கும் அதுதான் சொந்த ஊர். அண்ணா நேரில் வந்து பார்த்தார். கிழவர் அசையவில்லை, அரசும் அசையவில்லை. அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. பெயர் மாறியது 1969 ஜனவரி 14-ல். அவர் போன பிறகு வந்த பதின்மூன்றாவது பொங்கல் அது.

கே: பொட்டி ஸ்ரீராமுலுவுக்கு மட்டும் உடனே பலன் கிடைத்ததே, அது எப்படி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், முகவூர்)

ப: நல்ல இடத்தில் பிடித்தீர்கள் வாத்தியாரய்யா. தனி ஆந்திர மாநிலம் கேட்டு 58 நாள் பட்டினி கிடந்து, 1952 டிசம்பர் 15-ல் சென்னையில் அவர் இறந்தார். நாலே நாளில், 19-ம் தேதி, ஆந்திர மாநிலம் வரும் என்று நேரு அறிவித்துவிட்டார். இடைப்பட்ட அந்த நாலு நாளில் ஆந்திரப் பகுதியில் ரயில்கள் மறிக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். டெல்லியை அசைத்தது பட்டினியா, கலவரமா? காந்தி வழிக்காரர்களுக்குச் சங்கடமான கேள்வி. எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

இங்கே கதை வேறு. சங்கரலிங்கனார் இறந்து மூன்றே வாரத்தில், நவம்பர் 1-ல், மொழிவழி மாநிலங்கள் வந்துவிட்டன. எல்லை கிடைத்துவிட்டது, பேர்தானே என்று ஆறப்போட வசதியாக இருந்தது. ஆனாலும் சிலர் விடவில்லை. 1961-ல் பெயர் மாற்றத்துக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா என்ற வங்காளத்துக் கம்யூனிஸ்ட். தோற்றது. 1967-ல் ஆட்சி மாறியது. ஜூலை 18-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. கோரிக்கைக்குக் கனம் கொடுத்தது அந்தக் கிழவரின் சாவு. அதைக் கரை சேர்த்தது, மறக்கவிடாமல் நச்சரித்தவர்களின் வாய்.

கே: கொள்கைக்காக உயிரைக் கொடுக்க நானும் தயார். என்ன சொல்றீங்க?
(கல்லூரி மாணவர், ராஜபாளையம்)

ப: வேண்டாம் தம்பி. இதில் கிண்டல் இல்லை. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் காவலில் இருந்தபோது இறந்தார்கள். சாகவேண்டும் என்று அவர்கள் போகவில்லை. இந்தியைக் கட்டாயமாக்கி உத்தரவு போட்ட ராஜாஜி அமைச்சரவை அவர்களுக்காகப் பதவி விலகவும் இல்லை; உலகப் போர் விவகாரத்தில் விலகியது. அதற்குப் பிறகு, 1940 பிப்ரவரியில்தான் உத்தரவு வாபஸ். இன்று அவர்கள் பெயரில் எழும்பூரில் ஒரு மாளிகை இருக்கிறது, உள்ளே சி.எம்.டி.ஏ. ஆபீஸ். பிளான் அப்ரூவலுக்கு அலைகிற எத்தனை பேருக்கு அது யார் பெயர் என்று தெரியும்? நச்சரிக்கத்தான் ஆள் பஞ்சம். நீங்கள் இருந்தால் ஓர் ஆள் கூடுதல்.

கே: உயிரோடு இருந்து தியாகம் செய்தால் ஜனங்கள் மதிப்பார்களா?
(வாசகர், சேத்தூர்)

ப: மதிப்பார்கள், ஓட்டு மட்டும் கேட்கக் கூடாது. ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து மணிப்பூரில் 16 வருஷம் உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளா 2017-ல் தேர்தலில் நின்றார். விழுந்த ஓட்டு 90. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் பக்கத்து ஊர் பி.எஸ்.குமாரசாமி ராஜா, முதல்வராக இருந்தபடியே 1952 தேர்தலில் தோற்றார். அவர் குடியிருந்த வீட்டைத்தான் ஊருக்குக் கொடுத்தார். அதுதான் ராஜபாளையம் காந்தி கலை மன்றம். வீட்டை வாங்கிக்கொள்வதில் நமக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கே: பேர் மாற்றம் ஒன்றுதான் சங்கரலிங்கனார் கேட்டதா?
(வாசகி, செட்டியார்பட்டி)

ப: மொத்தம் 12 கோரிக்கை. பதவியில் இருப்பவர்கள் கதர் உடுத்த வேண்டும், இந்தியா முழுக்க மதுவிலக்கு வேண்டும், ரயிலில் எல்லாரும் ஒரே வகுப்பில் போக வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தார். பெயர் ஒன்று முடியவே பதின்மூன்று பொங்கல் ஆனது. அந்த ரயில் கோரிக்கை என்ன ஆனது என்று பார்க்க விரும்பினால், ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வரும்போது போய், ஏசி பெட்டியையும் அன்ரிசர்வ்டு பெட்டியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க மறக்காதீர்கள்.