மென்வயரியல்: பங்குனி உத்திரக் காவடியை முன்வைத்து ஓர் ஆய்வு

யானைக்கு நூல் செய்தார்கள், குதிரைக்கு நூல் செய்தார்கள், பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று அதற்கும் தனி நூல் செய்தார்கள். வயருக்குச் செய்யவில்லை. இந்தப் பெருங்குறையைப் போக்க வந்ததே இவ்வாய்வு. களம்: பெஸ்தாரி ஜெயா தொடங்கி புக்கிட் ரோத்தான் வழியாகக் கோல சிலாங்கூர் வரையிலான தோட்டப்புறம். காலம்: இரண்டு பங்குனி உத்திரங்கள். கருவிகள்: சோல்டரிங் அயன் ஒன்று, சவர பிளேடு ஒன்று, லைட்டர் ஒன்று, பாட்டி ஒருவர். நிதி: ஆய்வாளரின் பெட்ரோல் காசு.

களத்தின் பொருத்தம் பற்றி முதலில் ஒரு சொல். பெஸ்தாரி ஜெயாவுக்கு 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். ‘பெர்ஜுந்தை’ என்றால் மலாயில் தொங்கிக்கொண்டிருப்பது. வயர் ஆய்வுக்கு இதைவிடத் தோதான ஊர் உலகத்தில் உண்டா? ஆய்வாளர் பிளேடை எடுப்பதற்குள் பெயரை மாற்றிவிட்டார்கள். பக்கத்திலேயே தெனமாரம் தோட்டம். பெயரை வாய்விட்டுச் சொன்னால் தென்னமரம். ஆனால் 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கேதான். தென்னையின் பெயரில் செம்பனை நிற்கும் வட்டாரத்தில், வயர் என்ற பெயரில் கடையில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கையோடு மேலே செல்வோம்.

ஆய்வுக்கு வித்திட்ட சம்பவம் இது. சித்தப்பா மகன் காவடி எடுத்தான். மயிற்பீலி வளைவின் இரண்டு பக்கமும் எல்.இ.டி. பட்டை, நடுவில் வேல், இடுப்புப் பையில் 12 வோல்ட் பேட்டரி. வயரிங் அடியேன். வீட்டில் கிடந்த பழைய மணி வயரை இழுத்து, சோல்டர் வைத்து, டேப் சுற்றி முடித்துவிட்டேன். ஊர்வலம் லயத்தைத் தாண்டும்வரை எல்லாம் சரி. உறுமி வேகமெடுத்தது, தம்பி ஆட ஆரம்பித்தான், இடப்பக்க விளக்கு சிமிட்டத் தொடங்கியது. மேளம் நின்றால் சிமிட்டல் நிற்கும். மேளம் ஏறினால் சிமிட்டல் ஏறும். “முருகா!” என்றது கூட்டம். ஓர் அம்மா ஓடிவந்து பேட்டரிப் பைக்கு விபூதி பூசினார்.

இதற்கு விளக்கம் சொல்வோர் மூன்று அணியாகப் பிரிந்தனர். முதல் அணி அருட்கொள்கையினர், இவர்களே பெரும்பான்மை. இரண்டாம் அணி கெலிப்-கெலிப் கொள்கையினர். கம்போங் குவாந்தானில் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் கெலிப்-கெலிப் என்னும் மின்மினிகள் ஒரே நேரத்தில், வினாடிக்குச் சுமார் மூன்று தரம் சிமிட்டுகின்றன அல்லவா, அதைப் பார்த்து நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று அவர்கள் என்னைப் பாராட்டினார்கள். மறுக்க மனம் வரவில்லை. மூன்றாம் அணி ஒடிகொள்கையினர். அதன் ஒரே உறுப்பினர் ஆய்வாளரே. அன்றிரவு வயரைப் பிளந்து பார்த்தபின் சேர்ந்தவர்.

வயரின் உறை முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை. உள்ளே, சோல்டர் முடிகிற இடத்தில், செம்பு இழைகள் அத்தனையும் ஒடிந்து முனைகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஆடினால் விலகும், நின்றால் சேரும். கல்யாண வீட்டில் பேசாத சம்பந்திகள் போட்டோவுக்கு மட்டும் ஒட்டி நிற்பதைப் போல.

இனி இலக்கணம். கரண்டு உயிர், செம்பு மெய், இரண்டும் சேர்ந்தது உயிர்மெய், அதன் மேல் போர்த்தியது உறை. மெய் தனித்து நின்றால் அதற்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது எழுத்திலக்கணம். உறையில்லாமல் உயிர்மெய்யைத் தொட்டால் நமக்கு முற்றுப்புள்ளி என்பது வயரிலக்கணம். எனவே உறையின் வரலாறே வயரின் வரலாறு. அந்த வரலாறு நம் வீட்டுக் கொல்லையிலிருந்து போனது.

கடலுக்கடியில் தந்திக் கம்பி போட நினைத்தபோது தண்ணீர் புகாத உறைக்கு வெள்ளைக்காரனிடம் வழியில்லை. மலாயாக் காட்டு மரத்தின் பால் கைகொடுத்தது. கட்டாபெர்ச்சா என்றார்கள், மலாய்க்காரர்களுக்கு அது கெத்தா. 1843-இல் மான்ட்காமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அந்த உறை போட்ட கம்பி வேலை செய்தது. 1871-க்குள் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கம்பி வந்துவிட்டது. நம் ஆட்கள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த அதே கடலின் அடியில், இங்கத்து மரப்பாலைப் போர்த்திக்கொண்டு தந்தி சுகமாகப் போய்வந்தது.

பிறகு பால்மரத்து ரப்பர். பி.வி.சி. வருவதற்குமுன் வீட்டு வயரெல்லாம் ரப்பர் உறைதான். ரப்பரில் கலந்த கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் செம்புக்கு வெள்ளீயம் பூசினார்கள். பழைய வயர்மேன்கள் இன்றும் ‘செவன் ஓ டூ நைன்’ என்று மந்திரம்போல் சொல்வார்கள்: 0.029 அங்குல இழை ஏழு. சுவருக்குள் போய்ப் படுத்துக்கொள்ள அது உத்தமமான வயர். காவடியில் கட்டினால் காவடி ஆடாது, வயர்தான் ஆளை ஆட்டும்.

இப்போது ஆய்வின் நாயகன்: சிலிக்கோன் வயர். பொம்மை விமானமும் ட்ரோனும் விடுகிற பையன்கள் வாங்குவது. கையில் எடுத்தால் வேகவைத்த மீ நூடுல்ஸ் மாதிரி துவளும். முப்பது வருஷம் பால் வெட்டிய பாட்டியிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன். விரலிடுக்கில் உருட்டினார், மூக்கில் வைத்தார்.

“இது நம்ம மரத்து ரப்பர் இல்லடா.”

“எப்படித் தெரியும் பாட்டி?”

“ஒட்டுப்பால் நாத்தம் இல்லியே.”

ஆய்வகம் வேண்டியதில்லை. இது மரத்தில் வடிந்ததல்ல, மணலில் பிறந்தது. கரிமச் சங்கிலிக்குப் பதில் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அதனால்தான் எரித்துப் பார்க்கும் சோதனை இதற்குச் செல்லுபடியாகும். வெளியே போய், காற்று வாக்கில் நின்று, அரை அங்குலத் துண்டை லைட்டரில் காட்டுங்கள். பி.வி.சி. என்றால் உருகி, கருகி, மூக்கை அறுக்கும் புகை வரும். அசல் சிலிக்கோன் எரிந்து வெள்ளைச் சாம்பலாகும். அது சிலிக்கா, வந்த மணலுக்கே திரும்பிவிட்டது. தட்டில் அந்த வெள்ளைச் சாம்பலைப் பார்த்ததும் பாட்டியின் மோதிர விரல் தன்னிச்சையாக நீண்டது. தடுத்துவிட்டேன்.

உறை அசலானால் போதுமா? உள்ளேயும் பார்க்க வேண்டும். இழை வெள்ளையாக இருப்பது குற்றமில்லை, அது வெள்ளீயப் பூச்சு. பிளேடால் சுரண்டினால் சிவக்க வேண்டும், சுரண்டச் சுரண்டச் சிவந்துகொண்டே போக வேண்டும். சிவந்து, மறுபடி வெளுத்தால் உள்ளே அலுமினியம். முதல் தடவை நான் இணையத்தில் வாங்கிய பத்து மீட்டர் அப்படித்தான் வெளுத்தது. இப்போது அது பாட்டியின் பாகற்கொடிக்குப் பந்தல்.

மென்மையின் ரகசியம் உறையில் பாதி, இழையில் பாதி. முக்கால் சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்துக்கொள்வோம். சாதாரண பி.வி.சி. வயரில் அது 0.2 மில்லிமீட்டர் இழை 24. சிலிக்கோனில் 0.08 மில்லிமீட்டர் இழை 150. கணக்குப் போட்டால் இரண்டிலும் செம்பு ஒரே அளவு. ஆனால் பத்து மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்கும்போது தடித்த இழையின் வெளிப்பக்கம் நூற்றில் ஒரு பங்கு இழுபடும். மெல்லிய இழை அதில் பாதிகூட இழுபடாது. ஒருமுறை வளைத்தால் இரண்டும் தாங்கும். உறுமிக்கு இரண்டு மணி நேரம் வளைத்தால்தான் யார் தாங்குவார் என்பது தெரியும்.

அடுத்து எண். அமெரிக்கக் கேஜ் கணக்கில் எண் கூடினால் வயர் மெலியும். தட்டார் துளைப்பலகையில் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம் வராது: எத்தனை துளையில் இழுபட்டதோ அத்தனை எண், இழுபட இழுபட மெலிவு. மூன்று எண் கூடினால் செம்பு பாதியாகும். ஆறு எண் கூடினால் விட்டம் பாதியாகும். என் மணி வயர் ஒடியாமல் இருந்திருந்தாலும் சிக்கல்தான். 3 ஆம்பியர், போக வர நான்கு மீட்டர். 26 கேஜ் அளவுக்கு மெலிந்த வயரில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.6 வழியிலேயே தொலையும். 18 கேஜில் தொலைவது 0.3-க்கும் குறைவு. 14 கேஜ் போட்டால் இன்னும் குறையும், ஆனால் காவடிக்காரனுக்கு அலகு குத்தியதோடு எடையும் எதற்கு? 18 போதும்.

200 டிகிரி தாங்கும் என்று பெருமையடிப்பார்கள். பி.வி.சி.க்கு 70, இதற்கு 200; உண்மைதான். ஆனால் காவடியில் வயர் 200 டிகிரியைத் தொட்டால் அதற்குள் பேட்டரியும் பையும் இடுப்பும் போயிருக்கும். அந்தச் சூடு பயன்படுவது சோல்டர் வைக்கையில் மட்டும். 350 டிகிரி அயனைக் காட்டும்போது பி.வி.சி. உறை சுருங்கிப் பின்வாங்கும். சிலிக்கோன் அசையாது நிற்கும். ஒன்றை மறக்கக் கூடாது. நூற்றைம்பது மெல்லிய இழை விளக்குத்திரி மாதிரி ஈயத்தை உறிஞ்சும். உறிஞ்சிய தூரம் வரை வயர் குச்சியாகிவிடும், குச்சி முடிகிற இடத்தில்தான் மறுபடி ஒடியும். ஈயத்தைக் குறைவாகக் காட்டி, அந்த இடத்தின் மேல் சுருங்கு குழாய் போட்டு, வயரை வளைவோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ஆடுகிற இடம் ஒன்று, இணைகிற இடம் வேறொன்று என்று பிரித்துவிட்டால் வயர் பிழைக்கும்.

இந்த நாயகனுக்கும் ஒரு குறை உண்டு. நகம் பட்டால் கிழிவான். ரம்புத்தானில் நகத்தை வைத்துத் திருகினால் தோல் வட்டமாக விட்டுக்கொடுக்குமே, அப்படி. வயர் சீவும்போது இது வரம்: பிளேடின் கீழ் லேசாக உருட்டி இழுத்தால் உறை கழன்று வரும். காவடியின் தகர விளிம்பில் உரசும்போது இதுவே சாபம். அங்கெல்லாம் சைக்கிள் டியூப் துண்டு செருகினேன். இத்தனையும் பேட்டரி வயருக்குச் சொன்னது. மென்மையாக இருக்கிறதே என்று யாரும் இதை வீட்டு 230 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டாம். அதற்கு உரிமம் பெற்ற வயர்மேன் இருக்கிறார்.

இரண்டாம் ஆண்டு, 18 கேஜ், சிவப்பும் கறுப்பும். உறுமி வேகமெடுத்தது. தம்பி போன ஆண்டைவிட மூர்க்கமாக ஆடினான். விளக்கு அசையாமல் எரிந்தது. ஊர்வலம் கோயில் வாசல் சேரும்வரை ஒரு கண்ணிமைப்புகூட இல்லை. ஒடிகொள்கை நிரூபணமான அந்த மகத்தான தருணத்தில் “முருகா” என்று ஒருவரும் கூவவில்லை. பேட்டரிப் பைக்கு யாரும் விபூதி பூசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி சொன்னார், “போன வருஷம் சாமி கண்ணச் சிமிட்டிச்சு. இந்த வருஷம் பசார் மாலாம் லைட்டு மாதிரில்ல எரியுது.”

“போன வருஷம் வயரு ஒடிஞ்சு போச்சு பாட்டி. அதான் சிமிட்டுச்சு.”

“அது எனக்குத் தெரியாதாடா? ஒடிஞ்சா என்ன, நல்லா இருந்துச்சில்ல?”

அருட்கொள்கையில் இப்படியொரு உட்பிரிவு இருப்பதை ஆய்வாளர் அதுவரை அறியவில்லை.

வரும் உத்திரத்துக்கு இடப்பக்க விளக்குக்கு மட்டும் ஒரு சின்ன பொத்தான் வைத்திருக்கிறேன். தண்டுக்கு அடியில், தம்பியின் வலது கட்டைவிரல் எட்டும் இடத்தில். விளக்கின் கரண்டு அந்த வழியாகப் போகாது, சைகை மட்டும் போகும். ஆகவே அறுபது சென்டிமீட்டருக்கு 26 கேஜ் தாராளம். எப்போது அமுக்க வேண்டும் என்று தம்பி கேட்டான். அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே, பாட்டியிடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.