அளக்காமல் வேகம் கூட்டுவது எப்படி?

மென்பொருளை வேகப்படுத்தக் கற்க வருவோருக்கு எங்கள் முதல் பாடம்: எதையும் அளக்காதீர்கள். புரொஃபைலர் என்றொரு கருவி உண்டு. எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று வரிசையாகப் போட்டுக்கொடுக்கும். கோள்சொல்லியோடு நமக்கென்ன சகவாசம்?

மொத்த நேரத்தில் 5 சதவீதம் மட்டுமே எடுக்கும் பகுதியை மின்னலாக்கினாலும் மிச்சமாகும் நேரம் 5 சதவீதத்தைத் தாண்டாது. கணினி வல்லுநர் ஜீன் ஆம்டால் 1967-இல் போட்ட கணக்கு அப்படி. போகட்டும். அந்த ஐந்துக்காக மூன்று வாரம் கண்விழிப்பவரைத்தான் மேலதிகாரி கவனிப்பார். அதுவும் முடியாவிட்டால், திரையில் சுழலும் வட்டத்தின் நிறத்தை மாற்றுங்கள்.

எங்கள் லட்சிய மென்பொருள் ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டு. ஒருகாலத்தில் கணினியில் ஆட்டம் தொடங்க சிலருக்கு ஆறு நிமிடம் ஆனது. உள்ளே 10 எம்பி கோப்பு ஒன்றை அது வாசித்த பக்குவம் இருக்கிறதே! ஒவ்வொரு துண்டை எடுக்குமுன்னும், மீதி எவ்வளவு நீளம் என்று கடைசி எழுத்துவரை எண்ணும். அடுத்த துண்டா? மறுபடி கடைசிவரை எண்ணும். கருவூலத்தில்கூட இவ்வளவு பொறுப்பு கிடையாது.

2021-இல் வெளியாள் ஒருவர், மூல நிரல்கூடக் கையில் இல்லாமல், அளந்து பார்த்துக் கெடுத்துவிட்டார். அவர் கணினியில் காத்திருப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளையாட்டை உருவாக்கிய நிறுவனமோ திருத்தத்தை ஏற்று 10,000 டாலர் வெகுமதியும் கொடுத்தது.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் வகுப்பில் இடமில்லை. அந்தப் பத்தாயிரத்தைக் கட்டணமாகக் கட்டினால் பரிசீலிப்போம். முதல்வர் பதவியும் காலியாகத்தான் இருக்கிறது.