குடிக்கலாம், கூடத்தான் கூடாது

டெல்லி ஒயின் கிளப்பை சுபாஷ் அரோரா தொடங்கிய வருஷம் 2002. அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரலில்தான் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கி, வெளிநாட்டு பாட்டில்கள் முறையாக உள்ளே வர வழி பிறந்திருந்தது. நல்ல ஹோட்டலாகப் பார்த்துக் கூடி, கிளாஸைச் சுழற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய் வைத்து அபிப்பிராயம் சொல்வது அன்று டெல்லிக்குப் புது நாகரிகம். ஆனால் நல்ல சரக்குக்காக ஆள் பிடித்து அலையும் வேலையை அந்த ஊர் எழுநூறு வருஷமாகச் செய்துவருகிறது. பெயர்ப்பலகை மாட்டவில்லை, அவ்வளவுதான்.

பலகை இல்லாத அந்தக் கிளப்பை இழுத்துப் பூட்டியவர் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி. 1300ஐ ஒட்டி அடுத்தடுத்துக் கலகங்கள். காரணம் என்ன என்று ஆலோசகர்களைக் கேட்டார். அவர்கள் சொன்ன நான்கில் ஒன்று: பிரபுக்கள் கூடிக் குடிக்கிறார்கள், குடித்தால் மனதில் இருப்பது வாய்க்கு வருகிறது, அப்புறம் சதிதான். சுல்தான் அரண்மனை மதுச் சாடிகளை பதாவுன் வாசலுக்கு அனுப்பிக் கவிழ்க்கச் சொன்னார். மழைக்காலம் போல அங்கே சேறாகிவிட்டதாம். பரணி என்ற வரலாற்றாசிரியர் சேற்றைப் பதிவு செய்தார், அதைத் தாண்டிப் போனவர்களின் பெருமூச்சை விட்டுவிட்டார்.

தடை வந்ததும் விறகுக் கட்டுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் தோல்பைகள் பயணம் செய்யத் தொடங்கின. பிடிபட்டவர்களை அடைத்துவைக்க அதே வாசலருகே குழி வெட்டினார்கள். அதில் பலர் செத்தே போனார்கள். அப்படியும் ஊர் அடங்கவில்லை. கடைசியில் சுல்தான்தான் இறங்கி வந்தார். அவனவன் வீட்டில் காய்ச்சிக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கட்டும். விற்கக் கூடாது, நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வைக்கக் கூடாது. மதுவோடு அவருக்குப் பெரிய சண்டை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கிளப்போடுதான் சண்டை.

அடுத்த முந்நூற்றைம்பது வருஷத்தைத் தாண்டிவிடலாம். 1663இல் டெல்லியிலிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சு வைத்தியர் பெர்னியே, குடிமகன்களின் ஆதி வயிற்றெரிச்சலைப் பதிவு செய்திருக்கிறார். ஷிராஸ் ஒயின் பாரசீகத்தில் தரைவழியே பந்தர் அப்பாஸ் வந்து, கப்பலேறி சூரத்தில் இறங்கி, அங்கிருந்து டெல்லி சேர 46 நாள். கானரித் தீவு ஒயினை டச்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். விலையைக் கேட்டாலே நாக்கில் ருசி செத்துவிடும் என்கிற மாதிரி நொந்துகொள்கிறார். நம் காலத்தில் நூற்றைம்பது சதவீதச் சுங்க வரியைப் பார்த்திருந்தால் மனிதர் மோருக்கு மாறியிருப்பார்.

அப்போது ஆண்டவர் ஔரங்கசீப். மது விற்றால் கை கால் போகும். இந்துஸ்தானத்திலேயே குடிக்காதவர்கள் இரண்டே பேர், நானும் தலைமைக் காஜி அப்துல் வஹாபும்தான் என்று பாதுஷா ஒருமுறை வருத்தப்பட்டாராம். இதை எழுதிவைத்தவர் மனூச்சி என்ற வெனிஸ்காரர். பின்னாளில் நம்ம சென்னைக்கு வந்து குடியேறியவர். எழுதிவிட்டுச் சும்மா இருந்தாரா? பாதுஷா கணக்கில் ஒரு ஆள் தப்பு, காஜிக்கு தினமும் ஒரு பாட்டில் அனுப்பிக்கொண்டிருந்தவனே நான்தான் என்று போட்டு உடைத்துவிட்டார். மாதாந்திர ஒயின் சந்தா என்று இன்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்களே, காஜி வீட்டில் தினசரி டெலிவரி! அதுவும் தீர்ப்பு சொல்லும் ஆளுக்கு, தீர்ப்புக்குரிய சரக்கு.

பாதுஷாவின் மந்திரி ஜாபர் கானும் குடிப்பவர்தான். பாதுஷா கண்டித்தபோது மறைக்கவில்லை. வயசாகிவிட்டது ஹுஸூர், கொஞ்சம் உள்ளே போனால்தான் கண் தெரிகிறது, பேனா பிடிக்கக் கையில் வலு வருகிறது, தர்பாருக்கு ஓடிவரக் காலும் ஒத்துழைக்கிறது என்ற ரீதியில் பதில். பாதுஷாவே சிரித்துவிட்டாராம். மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு இந்தியாவில் நீண்ட பரம்பரை உண்டு.

பிற்காலத்தில் வந்த உருதுக் கவிஞர் காலிப் இந்த உறுப்பினர் பட்டியலில் ஏழை, ஆனால் நாக்கு மட்டும் பணக்கார நாக்கு. பிரெஞ்சு ஒயினும் ஓல்டு டாம் ஜின்னும் பழகியவர். பென்ஷன் பணம் மொத்தத்தையும் பாட்டிலாக மாற்றி வீட்டுக்கு வந்தாராம். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மனைவி கேட்க, சோறு போடுவதாக ஆண்டவன் வாக்குக் கொடுத்திருக்கிறான், இதற்குக் கொடுக்கவில்லையே, அதனால் நானே வாங்கிவந்தேன் என்றாராம். நடந்ததோ இல்லையோ, டெல்லி இன்றும் விடாமல் சொல்லும் கதை.

1857இல் கலகக்காரர்களிடமிருந்து வெள்ளைக்காரன் ஊரைத் திருப்பிப் பிடித்தபோது டெல்லியின் பல்லிமாரான் பக்கத்து வீட்டில் கவிஞரும் அடைபட்டார். பிரெஞ்சு ஒயினுக்கு எங்கே போவது? மகேஷ் தாஸ் என்ற நண்பர் கரும்பில் வடித்த சரக்கை அனுப்பிவைத்தார். காலிப் முகம் சுளிக்கவில்லை. ‘தஸ்தம்பூ’ என்ற தன் நூலிலேயே அந்த நண்பர் பெயரை நன்றியோடு ஏற்றிவிட்டார். ஊரே காலியான அந்த நாட்களிலும் கிளப்புக்குக் கோரம் இருந்தது: குடிக்க ஒருவர், கொடுத்தனுப்ப ஒருவர். சந்தா பாக்கி பற்றித் தகவல் இல்லை.