நிம்மதியப்பர்

வீதிக்கு ஒரு பிள்ளையாரும் முனைக்கு ஒரு டீக்கடையும் வாய்த்திருக்கிற நமது சென்னைப் பட்டணத்தில், பேட்டைக்கு ஒரு நிம்மதியப்பரும் தவறாமல் வாய்த்திருக்கிறார். பெற்றோர் இட்ட நாமம் வேறாக இருக்கலாம். ஆயினும், தம்மிடம் மிதமிஞ்சிக் கிடக்கும் நிம்மதியை வருவோர் போவோருக்கெல்லாம் வாரி வழங்குவதையே ஜீவிதத்தின் லட்சியமாகக் கொண்டுவிட்ட ஒரு மனிதரை வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும், அது அவருடைய கைங்கரியத்துக்கு நாம் வைக்கும் குறையாகவே முடியும். சர்க்கார் ஆபீசிலோ பாங்கியிலோ முப்பது வருஷங்களுக்கு மேல் கோப்புகளோடு மல்லாடி, அந்தக் காலமெல்லாம் தமக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததே தெரியாமல் பரம சௌக்கியமாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிற்பாடு டாக்டர் ஒருவர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துச் சொன்னதன் பேரில் அதை அறிந்துகொண்டு, அன்று முதல் நிம்மதியைத் தேடிப் புறப்பட்டவர் அவர். சித்திரை வெயிலிலும் கழற்றாத குரங்குக் குல்லாயும், வெள்ளைக் கான்வாஸ் ஜோடும், பெஞ்சியில் விரித்துக்கொள்ளப் பழைய தினசரி ஒன்றைச் சுமந்த மஞ்சள் பையும் அவருடைய திருக்கோலம்.

அவருடைய சித்தாந்தம் மிகவும் எளிது. மன அழுத்தத்துக்கு மருந்து கடையில் இல்லை, கொடைக்கானலிலும் இல்லை, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு முதுகைப் பிடித்துவிடும் குளிர்பதன நிலையங்களிலும் இல்லை. நடை, மூச்சு, எண்ணெய் ஸ்நானம், சிரிப்பு, சங்கீதம், தூக்கம் ஆகிய இந்த ஆறும் பகவான் இலவசமாக அருளிய ஔஷதங்கள். “இதிலே எதுக்காவது தம்பிடி செலவு உண்டா, சொல்லுங்க!” என்று அவர் விரலை நீட்டிக் கேட்கும்போது, மறுத்துச் சொல்ல எவராலும் முடிவதில்லை. ஏனெனில், அவர் கூறுவது அத்தனையும் வாஸ்தவம். அவருக்குச் செலவில்லை. அந்த நிம்மதிக்கு உண்டான கிரயம் முழுவதும் மற்றவர்கள் கணக்கில் பற்று எழுதப்படுகிறது என்கிற ஒரே ஒரு விவரத்தை மட்டும் அவர் கவனிப்பதில்லை.

எங்கள் பேட்டை நிம்மதியப்பர் காலைதோறும் எழுந்தருளும் க்ஷேத்திரம் மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் என்னும் தைலத்தை உற்பத்தி செய்யத் தொடங்கி, தேசத்தின் தலைவலியைத் தீர்ப்பதில் பெரும் பங்கு கொண்ட காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரால் விளங்கும் அந்தப் பூங்காவிலேயே, தினமும் காலையில் பலருக்குத் தலைவலி உண்டாகிறது என்பதைக் காலத்தின் கோலம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அங்கே நடப்பதற்குத்தான் வருகிறார். ஆனால் நடையைக் காட்டிலும் நிறுத்தங்கள் அதிகம். எதிரே வருகிறவர் வேகமாக நடந்தால், இந்த வயதில் இவ்வளவு வேகம் ஆகாது என்று நிறுத்துவார்; மெதுவாக நடந்தால், வியர்க்காத நடை நடையே அல்ல என்று நிறுத்துவார்; இரண்டுமின்றி நிதானமாக நடப்பவரை, உங்களைப்போல் நடப்பவர் அபூர்வம் என்று பாராட்டுவதற்காக நிறுத்துவார்.

ஒருநாள் காலை, இரவு முழுவதும் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் கண் விழித்துவிட்டு வந்த வாலிபன் ஒருவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மடியில் பையை அணைத்தபடி, பூங்கா பெஞ்சியில் தலையைச் சாய்த்து அயர்ந்துபோயிருந்தான். வாய் சற்றே திறந்திருந்தது. ஒரு ஜோடு காலைவிட்டு நழுவிக் கிடந்தது. நிம்மதியப்பர் அவனைச் சற்று நேரம் கருணையோடு உற்றுப் பார்த்தார். பிறகு அவன் தோளைத் தொட்டு மூன்று முறை உலுக்கினார்.

“தம்பி! தம்பி! உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. உனக்குத் தூக்கம் போதலை!”

பையன் திடுக்கிட்டு எழுந்து, எவரோ மேலதிகாரி என்று எண்ணிக்கொண்டு, “சாரி சார், இதோ முடிச்சுடறேன் சார்” என்று பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுக்கலானான். அதன் பிறகு அரைமணி நேரம், ராத்திரியில் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டிய அவசியத்தையும், காபியின் வீரியத்தில் பாதி உடம்பைவிட்டு நீங்குவதற்கே ஐந்து மணி நேரம்போல் ஆகிறபடியால் மாலைக் காபியைத் தவிர்ப்பதன் மேன்மையையும், படுக்கையில் செல்போனைத் தொடாதிருப்பதன் மகிமையையும் அவன் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. ஒவ்வொன்றும் சத்தியமான வார்த்தை. அவற்றைச் செவிமடுத்தபடியே, தூங்குவதற்குக் கிடைத்த ஒரே அரைமணியை அந்தப் பையன் இழந்தான்.

பூங்காவில் நிறுவப்பட்டிருக்கும் சிரிப்புச் சங்கத்துக்கும் அவரே காரியதரிசி. 1995-இல் மதன் கட்டாரியா என்னும் டாக்டர் பம்பாய்ப் பூங்கா ஒன்றில் சில பேரைக் கூட்டி இத்தகைய சங்கத்தை முதன்முதலாக ஆரம்பித்தபோது, ஹாஸ்யத் துணுக்குகளைச் சொல்லித்தான் சிரித்தார்களாம். சில நாட்களிலேயே கையிருப்புத் துணுக்குகள் தீர்ந்துபோகவே, காரணமின்றிச் சிரிப்பது என்று தீர்மானித்தார்களாம். இந்தச் சரித்திரத்தை நிம்மதியப்பர் வேதவாக்காகக் கொண்டிருப்பதால், அவருடைய சங்கத்தில் காரணத்தோடு சிரிப்பது பிரஷ்டம் செய்யத் தக்க குற்றம். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று அவர் எண்ணி முடிந்ததும் எல்லோரும் வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி ‘ஹா ஹா’ என்று முழங்க வேண்டும். ஒருமுறை அப்படிக் கையை உயர்த்திய வேகத்தில் அவருடைய குரங்குக் குல்லாய் பறந்து பக்கத்து வேப்பங்கிளையில் மாட்டிக்கொண்டபோது, அங்கத்தினர்கள் அனைவரும் அன்றுதான் மெய்யாகவே வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர் முகம் கடுத்தது. “முறை தெரியாம சிரிச்சா பலன் கிடையாது” என்று அன்றைய கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

மூச்சு விஷயத்தில் அவர் இன்னும் தீவிரமானவர். சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குப் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு என்ற அளவுக்கு மந்தப்படுத்தி, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால், நெஞ்சின் படபடப்பு அடங்கி, நரம்புகள் தணிகின்றன. பிராணாயாமம் பயின்றவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த இந்த உண்மையை மேல்நாட்டு வைத்தியர்களும் சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிம்மதியப்பர் இதை அப்பியாசம் செய்வதற்குத் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் மருந்துக் கடை கியூ. தமது முறை வந்து, கடைக்காரர் தொகையைச் சொன்னதும், கண்களை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை இழுப்பார். அது வெளியே வந்து முடிகிறவரையில் பர்சைத் திறப்பதில்லை. பின்னால் நிற்கிறவர்களுடைய மூச்சு நிமிஷத்துக்கு இருபதைத் தாண்டி முப்பதை எட்டும். “என்ன பெருசு, உள்ள போன காத்து வெளிய வருமா வராதா?” என்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டதற்கு, “இந்தக் கேள்வியிலேயே உன் டென்ஷன் தெரியுது, தம்பி” என்று அவர் அன்போடு பதில் சொன்னார்.

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரித்துக் காய்ச்சி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறவிட்டு, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளித்து, மிளகு ரசத்தோடு சாப்பிட்டுப் பகலில் தூங்காமல் இருப்பதைவிடச் சுலபமான சிரமபரிகாரம் பிரபஞ்சத்தில் இல்லை என்பது அவர் கட்சி. எண்ணெய் காய்ச்சியவரும், வெந்நீர் போட்டவரும், சீயக்காய் அரைத்தவரும், வழுக்கும் தரையை அலம்பியவரும், ரசம் வைத்தவரும், எண்ணெய்ப் பிசுக்கேறிய துண்டைச் சோப்புப் போட்டுக் கசக்கியவரும் ஒரே ஆசாமி, அதாவது அவருடைய சகதர்மிணி. சிரமம் அந்த அம்மாளுக்கும் பரிகாரம் இவருக்குமாக அந்த விவகாரம் நெடுங்காலமாகச் சமரசமாய் நடந்து வருகிறது.

அந்த அம்மாளிடம் ஒருமுறை, “உங்களுக்கு மனசு அலுத்துப்போனால் என்ன செய்வீர்கள்?” என்று என் மனைவி கேட்டாள். “காலையில ஆறு மணிக்கு அவர் பூங்காவுக்குப் போயிடறார் இல்லையா” என்று மட்டும் பதில் வந்தது. அதன் உட்பொருள் எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது. அவர் கேட்டைத் தாண்டிய பிற்பாடு, அம்மாள் முதல் டிகாக்ஷனில் ஒரு டம்ளர் காபி கலந்து எடுத்துக்கொண்டு, கொல்லைப்புறப் படியில் முழங்காலைக் கட்டியவாறு உட்கார்ந்து, செம்பருத்திச் செடியின்மேல் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, அதைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். வானொலிகூட வைப்பதில்லை. மூச்சை எண்ணுவதில்லை. கூப்பிட்டாலும் அந்நேரம் எழுந்து வரமாட்டார். இப்படி ஒரு நிம்மதி தம் வீட்டிலேயே தினமும் கால்மணி நேரம் சம்பவிக்கிறது என்பது நிம்மதியப்பருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு முறை வகுத்துவிடுவார்.

மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் அவருடைய அடிகளை எண்ணுகிறது. நாளொன்றுக்கு 10,000 அடி என்பது கணக்கு. 1965-ஆம் வருஷம் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடியெண்ணும் கருவியை விற்பதற்காக அதற்குச் சூட்டிய பெயரிலிருந்து பிறந்த எண் அது. அதற்குக் கணிசமாகக் குறைந்து நடந்தாலும் உடம்புக்கு நன்மை உண்டென்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அதை எடுத்துச் சொன்னவரைச் சோம்பேறி என்று அவர் தள்ளிவிட்டார். எனவே, இரவு பத்து மணிக்குக் கணக்கில் சில நூறு அடி குறைந்தால், கூடத்துக்கும் சமையலறைக்குமாகக் கான்வாஸ் ஜோட்டோடு உலாத்துவார். கீழ்வீட்டுக்காரர், தலைக்கு மேலே அந்தத் தாளம் ஓய்கிறவரையில் கண்ணை மூடாமல் படுத்திருப்பார்.

மார்கழி பிறந்துவிட்டால் சங்கீத வைத்தியம். சபாக்களில் டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரிகளுக்குத் தவறாமல் முதல் வரிசைக்குப் போய், கண்களை மூடிக்கொண்டு, அடுத்த நாற்காலிக்காரருக்கு ராகத்தின் பெயரையும், அது எந்த உபாதையைத் தணிக்கும் என்பதையும், பாடகர் ராகத்தைத் தொட்ட மாத்திரத்திலேயே காதோடு சொல்லிவிடுவார். ராகத்தின் பெயர் சில சமயங்களில் சரியாகவும் இருக்கும்.

இத்தனை ஔஷதங்களிலும் ஒன்றே ஒன்று அவரிடம் தோற்றது. மௌனவிரதம் செலவில்லாதது என்று கேள்விப்பட்டு, அமாவாசைதோறும் அதை அனுஷ்டிப்பதாகச் சங்கற்பம் செய்துகொண்டார். பேட்டை முழுவதும் ஆனந்தித்தது. ஆனால் முதல் அமாவாசையன்று காலை அவர் கையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் இருந்தன. வாயால் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடியும் உபதேசத்தை எழுதிக் காட்டினார், நிரம்பியதும் அழித்தார், மறுபடி எழுதினார், படிப்பவர் உரக்கப் படித்துக் காட்டாவிட்டால் தலையை ஆட்டி, முதல் வரியை விரலால் தட்டினார். நடுப்பகலில் பலப்பம் தேய்ந்து தீர்ந்தது. மாலையில் தலை கிறுகிறுத்து டாக்டரிடம் போனபோது, கொதிப்பு அவருடைய வழக்கமான எண்ணைவிட வெகுவாக ஏறியிருந்தது.

மாத்திரையை விட்டுவிட்டாரா, உப்பைக் கூட்டிவிட்டாரா என்று டாக்டர் விசாரித்தார். இரண்டுமில்லை என்று கைஜாடை வந்தது. “அப்ப இன்னைக்கு என்ன சார் வித்தியாசமா செஞ்சீங்க?” என்றதற்கு, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அனுபவசாலியான டாக்டர், “பேசிடுங்க சார்” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும் என்பது வைத்திய விதியாகையால், அவர் பேசி முடித்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்காரும்வரையில் டாக்டரும் காத்திருந்தார். வெளியே, டோக்கனும் கையுமாகப் பதினைந்து நோயாளிகளும் காத்திருந்தார்கள். மறுபடி அளந்தபோது எண் இறங்கியிருந்தது.

அன்றுதான் எங்களுக்கு விஷயம் துலங்கிற்று. நடையும் மூச்சும் எண்ணெயும் மெய்யான மருந்துகளே. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் என்னும் இருதய வைத்தியர் 1975-இல் எழுதிய நூலில், மனம் அடங்குவதற்கு அமைதியான இடம், சௌகரியமான ஆசனம், திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு சொல் ஆகியவற்றோடு, ‘சரியாகச் செய்கிறோமா’ என்கிற விசாரமின்றி விட்டுவிடும் சுபாவமும் வேண்டும் என்றார். அந்த நான்காவது சரக்கு மட்டும் நம்மவரிடம் கிடையாது. அதற்கு ஈடாக அவருக்கு வேண்டியிருப்பது செவி. ஆபீசில் இருந்த காலத்தில் அவர் பேச்சைக் கேட்க உத்தியோக ரீதியாகவே பலர் கடமைப்பட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தச் செவிகளெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றுவிட்டன. முன்காலமாயிருந்தால் வாசலில் திண்ணை இருந்திருக்கும். போகிற வருகிறவர்கள் தாமாகவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். இப்போது வாசலில் இருப்பது ஸ்கூட்டர்; மகன் இருப்பது பெங்களூர். அவர் உபதேசம் செய்யவில்லை. உபதேசம் என்ற பெயரில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்த பிற்பாடு சும்மா இருப்பது தர்மமாகாது என்று எங்கள் வீதியார் கூடி ஆலோசித்து, கோயில் உற்சவத்துக்கு மண்டகப்படி ஏற்பது என்ற சம்பிரதாயத்தின்படி, வாரத்தின் ஏழு நாட்களையும் ஏழு வீட்டார் பங்கிட்டுக்கொண்டோம். உபயதாரர் காலை ஏழு மணிக்குப் பூங்கா பெஞ்சியில் ஆஜராகி அரைமணி நேரம் கேட்க வேண்டும், நடுவில் கடிகாரம் பார்க்கலாகாது, “அப்படியா!” என்று மூன்று தடவையேனும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் பையன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். அவருடைய குரல் எழுந்ததும் அவனுக்குக் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வந்துவிடுகிறதாம், அவரும் இப்போதெல்லாம் உலுக்குவதில்லையாம். செவ்வாய்க்கிழமை அடியேனுடையது. வரும் செவ்வாய் எனக்குக் கோர்ட்டில் வாய்தா இருக்கிறது; தயாளகுணமுள்ள வாசகர் எவரேனும் அந்த மண்டகப்படியை ஏற்றுக்கொள்வதானால், தம்பிடி செலவில்லை என்று என்னால் உறுதி கூற முடியும்.