படுகளமும் பாகம் இரண்டும்

கேள்வி: ஏனுங்க, கேமில் முதல் பாகத்தில் செத்த ஆள் அடுத்த பாகத்திலும் வரவில்லையாம். காலேஜ் படிக்கிற பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். என்ன சொல்லித் தேற்றுவது?
- ஒரு வாசகி, பீளமேடு

பதில்: மாஸ் எஃபெக்ட் கேமாகத்தான் இருக்கும். 2007-இல் வந்த முதல் பாகத்தில் நாயகனின் கூட்டாளிகளான கெய்டன், ஆஷ்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். ஆட்டம் பதிவான அந்த சேவ் ஃபைலை 2010, 2012 பாகங்களில் ஏற்றினாலும் போனவர் போனவர்தான்.

இந்த விஷயத்தில் நம்ம கொங்குநாட்டு அண்ணன்மார் கதை கொஞ்சம் தாராளம். படுகளம் என்கிற போர்க்களத்தில் மாண்ட அண்ணன்கள் பொன்னரையும் சங்கரையும் தங்கை தங்காள் எழுப்புகிறாள். நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி சாய்கிறார்கள். இந்தக் கதையை உடுக்கடிப் பாட்டாகப் பாடும் ஊர்களில் அருள் வந்து விழுந்தவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். அண்ணன்மாரே பாண்டவர்களின் மறுபிறவி என்றும் சொல்வதுண்டு. அதுவும் பழைய சேவ் ஃபைல்தான் போலிருக்கிறது!

பையனை முதல் பாகத்தின் பழைய ஃபைலைத் திறந்து, இந்த முறை மற்றவரைக் காப்பாற்றச் சொல்லுங்கள். முதலில் சோற்றைப் போடுங்கள்.