எங்கள் வீட்டுப் பாதுகாப்புக் கொள்கை

வீட்டுப் போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் சேமித்து வைக்க டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நாஸ் பெட்டி இன்றைக்கும் திறக்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் நியாயமாக எழுதிவிடுவேன். உங்கள் வீட்டிலும் ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு லாகின் ஆகாமல் கிடக்கும், தெரியும். அதை எப்படிச் சரி செய்வது என்று கடைசியில் படிப்படியாகச் சொல்கிறேன், பொறுங்கள்.

மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. ஃப்ளெக்ஸ் வைக்காமல் குத்தினால் மோகனூரில் காதில் துளை விழாது. ஃப்ளெக்ஸின் உச்சியில், காலமான என் மாமியாரின் படம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அவர் அமுச்சி. அமுச்சிக்கு நல்ல படம் என்று ஒன்றுதான் உண்டு. மகள் கல்யாணத்தில் இணைச்சீர் நடக்கும்போது, யாரையோ வைவதற்கு வாயைத் திறக்கும் முன்னால் எடுத்தது. அது பெட்டிக்குள் இருக்கிறது. காட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், பட்டா, சிட்டா, கல்யாண வீடியோக்கள் எல்லாம் அங்கேதான். "அண்ணா, மேட்டர் ரெடிங்க, போட்டோ மட்டும் அனுப்புங்க" என்று ஃப்ளெக்ஸ் கடைப் பையன் வாட்ஸ்அப்பில் காத்திருக்கிறான்.

பெட்டியை வாங்கி மாட்டியது என் மகன்களில் மூத்தவன். பெரியவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று போட்டோ ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கும்படி திறந்தே வைத்திருந்தான். கம்ப்யூட்டர் ஒரு ராத்திரி தானாகவே அப்டேட் ஆனது. காலையில் ஃபோல்டரைத் தட்டினால் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. அதன் சாரம்: 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள் அடையாளம் காட்டாத விருந்தாளிகளைத் தடுப்பதால், நீங்கள் இதற்குள் போக முடியாது.'

என் நிறுவனமா? எது?

மோகனூரில் நிறுவனம் என்றால் எனக்குத் தெரிந்தது கூட்டுறவு சர்க்கரை ஆலைதான். வருஷா வருஷம் கரும்பு போட்டிருக்கிறேன். அமுச்சியின் படத்தைப் பார்க்கக் கூடாது என்று எந்த வெட்டு உத்தரவிலும் அவர்கள் எழுதியதில்லை. சரி, வீட்டையே நிறுவனம் என்று வைத்துக்கொண்டு, கொள்கை வகுத்தது யார் என்று விசாரணையில் இறங்கினேன்.

வயதுப்படி பார்த்தால் தலைவர் என் அம்மா. அவருக்குப் பாதுகாப்புக் கொள்கை உண்டுதான். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற யாரையும் "நீங்க யாரூட்டுப் பையனுங்க?" என்று நிறுத்துவார். அப்பன் பெயர் சொன்னால் போதாது, தாத்தா பெயர் வேண்டும். அப்புறம் காடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. குலசாமி எது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்கலில் ஒரு பெரியம்மா இருந்தாளே, அவள் உங்களுக்கு என்ன முறை. அதற்கும் பதில் வந்துவிட்டால் கடைசிக் கேள்வி: "அவ எதுல செத்தா?" இதைத் தாண்டிப் போலி ஆள் எவனும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. தேறிய ஆளுக்கு மோர் வரும். பதில் தெரியாமல் முழிக்கிறவருக்கும், "கண்ணு வெயில்ல வந்திருக்குது" என்று மோர் வரும், திண்ணையோடு சரி. ஐந்து முறை தப்பாகச் சொன்னால் முகவரியைத் தடை செய்யும் பழக்கம் அம்மாவிடம் கிடையாது. பெட்டியிடம் உண்டு.

அடுத்து என் மனைவி. நிதி, உள்துறை, வெளியுறவு மூன்றும் அவளிடம்தான். "நீ ஏதாச்சும் கொள்கை போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, விருந்தாளிக்குத் தடை போடற அதிகாரம் எனக்கு இருந்திருந்தா, உங்கக்கா வூட்டுக்காரரு ஆடி நோம்பிக்கு வந்தவரு ஆவணி வரைக்கும் இங்க இருந்திருப்பாருங்களா?"

அவளும் இல்லை. மாடியில் குடியிருக்கும் லாரி டிரைவர் மாதத்தில் பாதிக்கு மேல் நாக்பூர் ரோட்டில் இருப்பவர். வாடகை கொடுக்கவே நேரமில்லாதவர் கொள்கை எங்கே வகுப்பது. நாய்க்குக் கொள்கை உண்டு, அது காக்கிச் சட்டைகளுக்கு மட்டும். எருமைக்கும் உண்டு: பால்காரரைத் தவிர வேறு யார் மடியைத் தொட்டாலும் உதை. ஆனால் அது முகத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு, சம்பந்தப்பட்டவருக்கு அப்போதே காரணமும் தெரிந்துவிடும். பொதுக்குழு கூட்டியிருந்தால் மினிட்ஸ் இருக்குமே என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்த்தேன். புண்ணாக்கு பாக்கிதான் இருந்தது. நானும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் எங்கோ ஏசி அறையில் ஒரு ஆள் என் வீட்டுக்கு நிறுவனம் என்று பெயர் வைத்து, என் சார்பில் தீர்மானம் போட்டு, என்னையே விருந்தாளி என்று வெளியே நிறுத்தியிருக்கிறான். வரி கட்டாத நிறுவனம் என்று அடுத்து நோட்டீஸ் வராமல் இருந்தால் சரி.

காரணம் இல்லாமல் இல்லை என்றான் மூத்தவன், போனில். பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு எஸ்எம்பி என்று பெயராம். 1983 வாக்கில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர், ஒரே ஆபீஸில் நாலு பேர் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று தொடங்கியது. அந்தக் காலத்து மனுஷர், பக்கத்து மேஜைக்காரரை நம்பியிருக்கிறார். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் அந்தப் பாஷையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டைக்குள் புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இந்தப் பக்கம் ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே சில மாட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு கதவு கதவாக அடைத்துக்கொண்டே வந்து, 2024-இல் வந்த பெரிய அப்டேட்டில் விருந்தாளி வாசலையும் சாத்திவிட்டார்கள். "உங்க நல்லதுக்குத்தாம்ப்பா" என்றான். என் நல்லதுக்கு என்று யார் எதைச் செய்தாலும் அன்றைக்கு எனக்கு வேலை இரட்டிப்பாகிறது.

விருந்தாளியாக வேண்டாம், வீட்டுக்காரனாகவே போகிறேன் என்று பெயர், கடவுச்சொல் போட்டேன். கடவுச்சொல் பெட்டியின் அடியில், மூத்தவன் கையெழுத்தில், சீட்டாக ஒட்டியிருக்கிறது. நடுவில் இருப்பது பூஜ்யமா ஓ-வா, பக்கத்தில் நிற்பது ஒன்றா ஐ-யா எல்-ஆ, பிரம்மனுக்கே வெளிச்சம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற இந்த இம்சையை உலகத்துக்குப் பரப்பியதில் பெரிய பங்கு அமெரிக்காவின் என்ஐஎஸ்டி வெளியிட்ட வழிகாட்டிக்கு உண்டு. அதை எழுதிய பில் பர், ஓய்வு பெற்றபின், 2017-இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அவர் வருத்தப்பட்ட சேதி எங்கள் பெட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை. பூஜ்யத்தையும் ஓ-வையும் மாற்றி மாற்றி அடித்ததில் அது என் முகவரியையே தடை செய்துவிட்டது.

ஃப்ளெக்ஸ் காத்திருக்குமா? அமுச்சியின் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி அடித்தாயிற்று. தேடப்படும் குற்றவாளி போல மேலேயிருந்து முறைக்கிறார், கீழே பேத்தி சிரிக்கிறாள். வந்த சொந்தம் அத்தனையும் சாப்பிட்டுக் கை கழுவும்போது அதைப் பற்றித்தான் பேசியது.

மடியில் வைத்துக் காது குத்த வந்த தாய்மாமன், அதாவது மூத்தவன், பெட்டி முன்னால் உட்கார்ந்தான். முகவரியை மாற்றித் தடையைத் தாண்டினான், அதுவரைக்கும் சரி. ஆனால் நிர்வாகி கணக்குக்குள் நுழைய அவன் இரண்டடுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். அவன் போனில் ஓர் ஆறு இலக்க எண் வரும், முப்பது விநாடிக்கொரு தரம் மாறும். அடித்தான். தவறு என்றது. அடுத்த எண்ணை அடித்தான். அதுவும் தவறு. அவன் கையெழுத்தில்லை, அவன் போன், அவன் விரல். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்ததை மறைக்கவில்லை.

அரை மணி நேரம் நோண்டிக் கண்டுபிடித்தான். அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்காகிறது. போன வாரத்து மின்வெட்டில் பெட்டி அணைந்திருக்கிறது, உள்ளே கடிகாரத்துக்கான பேட்டரி செத்துவிட்டது. இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரத்தை அதுவே எடுத்துக்கொள்ளுமாம். அந்த வழியை அடைத்ததும் இவன்தான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய மாடல் பெட்டிகள் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் தாமாகவே துடைத்துக்கொண்டு காலியானதைப் படித்திருக்கிறான். யாரோ வெளியிலிருந்து செய்த வேலை. எல்லாவற்றையும் அழி என்ற கட்டளைக்கு முன்னால் கடவுச்சொல் கேட்க வேண்டிய வரிகளை அந்த மென்பொருளில் செயலிழக்கச் செய்து வைத்திருந்தார்கள். ஒரு போட்டோவைப் பார்க்கக் கடவுச்சொல் வேண்டும், அத்தனை போட்டோவையும் அழிக்க வேண்டாம்! இதைப் படித்துப் பயந்துபோய் எங்கள் பெட்டியின் இன்டர்நெட்டை வெட்டிவிட்டான். வெளியிலிருந்து திருடனும் வர முடியாது, நேரமும் வர முடியாது.

ஆகவே கரன்ட் வந்ததும் பெட்டி தன் கணக்கில் 1970 ஜனவரி 1, காலை ஐந்தரைக்குப் போய்விட்டது. இந்த மாதிரிப் பெட்டிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் தேதி அதுதானாம், ஐந்தரை மணி நம் நாட்டுக்கான கூடுதல். அன்றைக்கு எனக்கு இரண்டு வயது. மூத்தவன் பிறக்கவில்லை. அவனைப் பெற்றவளை நான் பார்த்ததே இல்லை. மகளும் இல்லை, கல்யாணமும் இல்லை, அமுச்சி எனக்கு மாமியார் ஆகவும் இல்லை. பெட்டி என்னை யாரென்று கேட்பதில் தப்பே சொல்ல முடியாது.

"பேட்டரி போட்டா போதும்ப்பா, நேரத்தை ஒரு தடவ கையால செட் பண்ணிட்டா சரியாயிரும்" என்கிறான். எங்கே செட் பண்ணுவது? செட்டிங்ஸில். செட்டிங்ஸுக்குள் எப்படிப் போவது? லாகின் பண்ணித்தான்.