லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

ஸ்டுட்கார்ட்,
2025 அக்டோபர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் மருமகள் ரசத்தில் மிளகைக் கூட்டிவிட்டாள்.

போன வாரம் போனில், கார் வாங்கப்போகிறேன் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "லிட்டருக்கு எவ்வளவுடா கொடுக்கும்?" என்று கேட்டீர்கள். நான் சிக்னல் இல்லாதவன் மாதிரி "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் டிராமிலும் ரயிலிலும் தொங்கிக்கொண்டு போனவனுக்கு நாற்பத்து மூன்று வயதில் ஆசை வந்தது. வந்த ஆசை சின்னதாக வரக்கூடாதா? இரண்டு வண்டி பார்த்துவைத்தேன். இரண்டும் நாலு வருஷம் ஓடியவை. ஒன்று பிஎம்டபிள்யூ எம்5 காம்பெடிஷன். மற்றது மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஈ63 எஸ், அதிலும் டிக்கி நீண்ட வேகன். வெளியே பார்த்தால் இரண்டும் சம்பந்தி வீட்டு மாமா மாதிரி சாதுவாக நிற்கும். மிதித்தால்தான் சுபாவம் தெரியும்.

காகிதத்தில் எம்5க்கு 625 குதிரை, பென்ஸுக்கு 612. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு 3.3 வினாடி, இதற்கு 3.5. இந்த 0.2 வினாடிக்காக நான் இரண்டு வாரம் தூங்கவில்லை பெரியப்பா. நீங்கள் வெற்றிலையின் காம்பைக் கிள்ளுவதற்குள் இரண்டு வண்டியும் நூறைத் தொட்டிருக்கும். எது முந்தியது என்று நீங்கள் தலை நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டீர்கள். குதிரைக் கணக்கு பிடிபடவில்லை என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நம் கொல்லை பம்புசெட் அஞ்சு எச்.பி. அந்த மாதிரி நூற்றிருபது மோட்டாருக்கு ஒரே சுவிட்ச் வைத்தால் அதுதான் அந்த பென்ஸ். ஒரு வித்தியாசம், நம் மோட்டாருக்கு சர்க்கார் கரண்டைச் சும்மா கொடுக்கிறது. இதற்கு 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

ஊர்ப் பாசம் வேறு குறுக்கே நின்றது. பென்ஸ் இந்த ஊர்க் கம்பெனி. ஈ கிளாஸ் செய்கிற சிண்டல்ஃபிங்கன் ஆலை இங்கிருந்து கூப்பிடு தூரம். பிஎம்டபிள்யூ பக்கத்து மாநிலத்து மியூனிக்காரர்களுடையது. ஸ்டுட்கார்ட்டில் எம்5 வாங்குவது, கும்பகோணத்தில் வீடு கட்டிக்கொண்டு இன்ஸ்டன்ட் காபி குடிக்கிற மாதிரி. அலுவலகத்தில் ஒருத்தர் என்னைத் துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்தார். "பிஎம்டபிள்யூ நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துலேயே பண்றானாமே, அங்க போய் ஏன் வாங்குறே?" என்று தம்பி கேட்டான். வாஸ்தவம், 2007 முதல் அங்கே ஆலை இருக்கிறது. ஆனால் எம்5 பவேரியாவின் டிங்கோல்ஃபிங்கில்தான் பிறக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள்.

ஏஎம்ஜி என்ற பெயரைக் கேட்டால் உங்களுக்குப் பிடித்துப்போகும். 1967ல் ஆஃப்ரெக்ட், மெல்ஷர் என்று இரண்டு இன்ஜினியர்கள் தொடங்கிய பட்டறை. அவர்கள் பெயரின் முதலெழுத்து ஏ, எம். ஜி என்பது ஆஃப்ரெக்ட் பிறந்த குரோஸஸ்பாக் என்கிற ஊர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, உமையாள்புரம் சிவராமன் என்று ஊரைச் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு ஆளே அடையாளம் தெரியும். இவர்களும் நம் ஜில்லா வழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள், என்ன, ஊரைக் கடைசியில் வைத்துவிட்டார்கள். அந்த பென்ஸின் இன்ஜினை ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே ஆள் கோத்து முடிக்கிறார். முடித்ததும் தன் கையெழுத்துள்ள தகட்டை இன்ஜின் மேலேயே பதித்துவிடுகிறார். ஒரே பலா மரத்தில் குடைகிற தஞ்சாவூர் ஏகாந்த வீணை ஞாபகம் வந்தது. பானெட்டைத் திறந்து அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றேன். விற்பவர் என்ன நினைத்தாரோ.

அந்த இன்ஜினில் இன்னொரு வேடிக்கை. எட்டு சிலிண்டர். வண்டி சும்மா உருண்டுகொண்டிருந்தால் நாலு சிலிண்டர் வேலையை நிறுத்திவிடும். நடவுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டு, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் நாலு பேர் வரப்பில் உட்கார்ந்து பாக்குப் போடுவார்களே, அதேதான். இங்கே அதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர், விலையும் அதிகம். எம்5லும் ஒரு கூத்து உண்டு. இன்ஜின் சத்தம் உள்ளே போதவில்லை என்று ஸ்பீக்கர் வழியாகவும் கொஞ்சம் சேர்த்து விடுகிறார்கள். கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரரையும் உட்காரவைத்துவிட்டு, பின்னால் டேப்பும் போட்ட மாதிரி.

பெரியப்பா, நான் சின்னப் பையனாக இருந்தபோது உங்களோடு தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி ஜோடி பிடிக்க வந்தேனே, நினைவிருக்கிறதா? கொம்பு சுட்ட மொட்டை மாடுகள், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நீங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தீர்கள், சுழி பார்த்தீர்கள். தரகர் துண்டுக்குள் உங்கள் விரலைப் பிடித்து ஏதோ சொன்னார். நீங்கள் அதையெல்லாம் காதிலேயே வாங்காமல், "சேத்துல நடக்க விடுங்க, பாப்போம்" என்றீர்கள். தெருவில் துள்ளிய ஜோடி சேற்றில் கால் வைக்க யோசித்தது. சோம்பலாக நின்ற இன்னொரு ஜோடி முழங்கால் சேற்றில் சாதாரணமாக நடந்தது. அதைத்தான் பிடித்துவந்தோம்.

நானும் சேற்றில் நடக்கவிட்டுப் பார்த்தேன்.

இங்கே சேறு என்றால் ஆட்டோபான். பல இடங்களில் வேகக் கட்டுப்பாடே கிடையாது, 130ல் போனால் நல்லது என்று யோசனை மட்டும் சொல்வார்கள். எம்5ஐ ஏ8 சாலையில் எடுத்தேன். ரோட்டு வேலை. நாற்பது நிமிஷம், ஐயாயிரம் லாரிகளுக்கு நடுவே, நெல் அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வேகத்தில் ஊர்ந்தேன். 625 குதிரையும் கொட்டடியில் நின்று காலை உதைத்தன. மறுநாள் பென்ஸோடு ஏ81ல் தெற்கே போனேன். அங்கே வழி கிடைத்தது. மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டியது. 210ல் என் வாய் தானாக "ஐயனாரப்பா" என்றது. பக்கத்தில் இருந்த விற்பனையாளர் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். காலை எடுத்துவிட்டேன். பாக்கிக் குதிரைகளை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, உங்கள் மருமகளைக் கூப்பிட்டுக் காட்ட மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. ஞாயிற்றுக்கிழமையானால் தெருத் தொட்டியில் காலி பாட்டில் போடக்கூடாது, சத்தம் வரும் என்கிற ஊர் இது. மாடி ஜன்னல்கள் மூன்று திறந்தன. கீழ்வீட்டு அம்மாள் ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் காலை எங்கள் கதவில் மாடிப்படி பெருக்குகிற முறைக்கான அட்டையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். எங்கள் முறை அடுத்த வாரம்தான்.

பேரம் பேசப் போனேன். துண்டு இல்லை, கையை எங்கே பிடிப்பது? இரண்டு கடையிலும் எண்பதாயிரம் யூரோவை ஒட்டி ஒரு விலையை அட்டையில் அடித்து ஒட்டியிருந்தார்கள். "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பதை ஜெர்மனில் எப்படிச் சொன்னாலும் அது இலக்கணப் பிழை மாதிரித்தான் கேட்கிறது. கடைசியில் ஒருத்தர் மனமிரங்கிக் குளிர்காலச் சக்கரம் ஒரு செட் தருகிறேன் என்றார்.

அன்று ராத்திரி உங்கள் மருமகள் பேப்பரும் பேனாவும் எடுத்தாள். அவள் வலங்கைமான்காரி, யூரோவில் கணக்குப் போடமாட்டாள். "கொள்முதல் நிலையத்துல சன்ன ரக நெல்லு குவிண்டால் என்ன விலை?" என்றாள். 2,545 ரூபாய். எண்பதாயிரம் யூரோ குறைந்தது எண்பது லட்சம். வகுத்தாள். 3,143 குவிண்டால். அதை நாற்பது கிலோ சிப்பமாக்கினாள். 7,857 சிப்பம், கொஞ்சம் சில்லறை. பேப்பரை என் பக்கம் நகர்த்திவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து அத்தனை சிப்பத்தையும் மனசுக்குள் அடுக்கினேன். நம் வீட்டுத் திண்ணையில் தொடங்கியது, ரோட்டுக்குப் போய் வாய்க்கால் மதகைத் தாண்டியும் அடுக்கு முடியவில்லை. பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று ஒரு சிப்பத்தைத் திருப்பிவிட்டால் நீங்கள் படுகிற பாடும் கூடவே ஞாபகம் வந்தது.

நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்றுதான் இங்கே கேட்பார்கள். நம்மூரில் எவ்வளவு கொடுக்கும் என்போம். இவர்கள் கேட்பது தீனிக் கணக்கு, நம்முடையது பால் கணக்கு. என் பார்வையில் நம் கேள்விதான் மரியாதையானது. ஆனால் அந்த இரண்டு வண்டியிடமும் அதைக் கேட்டுவிட முடியாது. ஆசையாக மிதித்தால் ஏழு கொடுத்தாலே பெரிசு.

எம்5 நல்ல வண்டி, வளைவில் திரும்புகிற அழகில் பென்ஸைவிட ஒரு பங்கு மேல் என்பார்கள். இருந்தும் மனசு வேகனில்தான் நின்றது. 640 லிட்டர் டிக்கி. பின் சீட்டை மடக்கினால் 1,820. மாதாமாதம் ஆசியக் கடையில் வாங்குகிற இருபது கிலோ பொன்னி அரிசிப் பை நாலைந்தும், சின்னவளின் சைக்கிளும், உங்கள் மருமகளின் கோபமும் அதில் சௌகரியமாகக் கொள்ளும்.

அதே வேகன், அதே டிக்கி, இரண்டு லிட்டர் டீசல் இன்ஜினோடு ஈ220டி என்ற பெயரில் கடையின் மூலையில் தூசியோடு நின்றது. சேற்றில் நடக்கிற ஜோடி. சொன்ன விலை மற்றதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. முன்பணம் கட்டிவிட்டேன். கையெழுத்துத் தகடு கிடையாது. குளிர்காலச் சக்கரத்தை மட்டும் விடவில்லை.

ஐப்பசி மழை அங்கே வலுத்துவிட்டது என்று தம்பி சொன்னான். களத்தில் நெல் கிடந்தால் தார்ப்பாய்க்குப் பணம் அனுப்புகிறேன், கூச்சப்படாமல் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அப்புறம், நீங்கள் கேட்டதற்குப் பதில்: 194 குதிரை. லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும்.

உங்கள் அன்பு மகன்